விர்ச்சுவல்பாக்ஸ்: ஹோஸ்டுக்கும் கெஸ்ட்டுக்கும் இடையே பிணையமும் கோப்பும் – கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸ் கணினியில் (ஹோஸ்ட்), மெய்நிகர் கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதற்குள் உபுண்டு லினக்ஸ் (கெஸ்ட்) வைத்திருக்கிறேன். உபுண்டுவில் இணையம் வருகிறது. ஆனால் விண்டோஸிலிருந்து அதன் முகவரியான 10.0.2.15-க்கு பிங் (இணைப்புச் சோதனை) கொடுத்தால் பதில் இல்லை.

பதில்: உங்கள் கெஸ்ட் நாட் முறையில் இருக்கிறது. இம்முறையில் விர்ச்சுவல்பாக்ஸே ஒரு ரவுட்டர்போல நடுவில் அமர்ந்து, கெஸ்ட் வெளியே அனுப்புவதைத் தன் பெயரில் அனுப்பி, வரும் பதிலைத் திருப்பிக் கொடுக்கிறது. கேட்காமல் வெளியிலிருந்து வருவதை உள்ளே விடுவதில்லை. 10.0.2.15 அந்தச் சுவருக்குள் மட்டுமே செல்லும் முகவரி. உள்ளிருந்து ஹோஸ்டை அணுக 10.0.2.2 உண்டு.

கோப்பு அனுப்புவது மட்டுமே நோக்கமென்றால் போர்ட் ஃபார்வர்டிங் போதும்: ஹோஸ்டின் 127.0.0.1 முகவரியில் 2222-ஆம் போர்ட்டை கெஸ்ட்டின் 22-க்குத் திருப்பிவிடுங்கள். போர்ட் எண்ணைக் குறிக்க, தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்எச் கட்டளையில் சிறிய பி (-p), கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையில் பெரிய பி (-P). எஸ்சிபியில் சிறிய பி இட்டால் 2222 என்பதை அது ஒரு கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும். நிலையான ஏற்பாடு வேண்டுமானால், முதல் அடாப்டரை நாட் முறையிலேயே விட்டுவிட்டு, இரண்டாவது அடாப்டரை, ஹோஸ்டும் கெஸ்ட்டுகளும் மட்டும் பேசிக்கொள்ளும் ஹோஸ்ட்-ஒன்லி முறையில் சேருங்கள். இயல்பான அமைப்பில் ஹோஸ்டுக்கு 192.168.56.1, கெஸ்ட்டுக்கு 192.168.56.101 முதலான முகவரிகள் கிடைக்கும். நான் பல ஆண்டுகளாக இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: கெஸ்ட்டை வெளிப் பிணையத்தில் தனிக் கணினிபோலச் சேர்க்கும் பிரிட்ஜ் முறை எல்லாவற்றுக்கும் எளிதல்லவா? கல்லூரி விடுதி வைஃபையில் மட்டும் முகவரி கிடைப்பதில்லை.

பதில்: பதிவு செய்த கருவிக்கு மட்டும் முகவரி தரும் வைஃபையில் இரண்டாவதாக ஒரு கணினி முளைத்தால் அது ஏற்றுக்கொள்ளாது. கிடைத்திருந்தாலும் வேண்டாம் என்பேன். கடவுச்சொல்லாக 1234 வைத்த பயிற்சிக் கணினியை விடுதி முழுவதற்கும் திறந்து வைப்பதாகும் அது.

கேள்வி: இரண்டு கெஸ்ட்டுகளுக்கும் 10.0.2.15 என்றே காட்டுகிறது. மோதாதா?

பதில்: மோதாது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாட். அவை தமக்குள் பேச வேண்டுமானால் நாட் நெட்வொர்க் என்ற வேறொரு முறை இருக்கிறது.

கேள்வி: ஹோஸ்டும் கெஸ்ட்டும் பகிரும் ஷேர்டு ஃபோல்டரை உபுண்டுவில் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது.

பதில்: உங்கள் பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். அங்கே தரவுத்தளத்தை மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: நான் மைஎஸ்க்யூஎல் தரவை அங்கேதான் இரண்டு ஆண்டாக வைத்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: இதுவரை ஆகவில்லை. ஷேர்டு ஃபோல்டர் பார்வைக்கு ஒரு வட்டுபோல இருந்தாலும், ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் கெஸ்ட் அடிஷன்ஸ் (கெஸ்ட்டுக்குள் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸ் துணை மென்பொருள்) வழியாக ஹோஸ்டிடம் கோரிக்கையாகப் போய்வருகிறது. ஆகவே கோப்புப் பூட்டு, உரிமையாளர், அனுமதி ஆகியவை லினக்ஸ் எதிர்பார்க்கும்படி நடக்கும் என்று தரவுத்தளம் நம்ப முடியாது.

கேள்வி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அதே ஃபோல்டரில் எனக்கு என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் கருவி) நிறுவலே பாதியில் நின்றுவிடுகிறது.

பதில்: அது சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) உருவாக்க முயல்கிறது, ஷேர்டு ஃபோல்டரில் அதற்கு இயல்பாகவே தடை. விண்டோஸில் கோப்பைத் திருத்திச் சேமித்தாலும் கெஸ்ட்டில் ஓடும் கண்காணிப்பு நிரலுக்குச் செய்தி போகாது. நிரலை கெஸ்ட்டுக்குள் வைத்து, எஸ்எஸ்எச் வழியாகத் திருத்துங்கள்.

கேள்வி: அப்படியானால் கெஸ்ட் கெட்டுப்போனால் என் தரவு போய்விடுமே? ஹோஸ்டில் இருப்பதுதான் பாதுகாப்பு.

பதில்: நியாயமான அச்சம்தான், தீர்வுதான் தவறு. கெஸ்ட்டுக்குள் டம்ப் (தரவுத்தளத்தை ஒரே கோப்பாக்கிய நகல்) எடுத்து, அந்த ஒற்றைக் கோப்பை ஷேர்டு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். அந்த ஃபோல்டர் அதற்கு மிகவும் பொருத்தம். ஓடும் தரவுத்தளம் வேறு, அதன் நகல் வேறு.

கேள்வி: 10.0.2.15-க்கு பிங் போகவில்லை. என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: விஎம்வேரில் இதை எப்படிச் செய்வது?

பதில்: அதைப் பயன்படுத்துபவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, முதல் பதிலைப் படித்து 2222 அமைத்தேன். இணைப்பு உடனே அறுந்துபோகிறது.

பதில்: படித்ததற்கு நன்றி. உபுண்டு டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்எச் சர்வர் தானாக வராது. ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர் என்ற தொகுப்பை நிறுவிவிட்டு மீண்டும் முயலுங்கள்.