இடம் உண்டா?

கேள்வி: மால்களில் பஞ்சுப் பனி, தள்ளுபடி, கிறிஸ்துமஸ் தாத்தா. வீட்டில் லிச்சி, கேக், போனஸ். இத்தனைக்கும் நடுவே கிறிஸ்து பிறப்புக்கு இடம் உண்டா? நம்மைப் போன்ற இந்து வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் வைப்பது சரியா?
- ஒரு வாசகி, ரோஸ் ஹில்

பதில்: இடமா? டிசம்பர் 20-க்கு மேல் மொரிஷியஸில் எதற்கு அம்மா இடம் இருக்கிறது? போர்ட் லூயிஸில் காரை நிறுத்த இடமில்லை, பஸ்ஸில் நிற்க இடமில்லை. லிச்சி மரத்தில் வௌவாலுக்கே இடமில்லை.

வௌவாலைச் சும்மா இழுக்கவில்லை. லிச்சியையும் மாம்பழத்தையும் தின்று தீர்க்கின்றன என்று 2015-இல் பழந்தின்னி வௌவால்களைச் சுட அரசு ஆணையிட்டது. 30,000-க்கு மேல் விழுந்தன. அடுத்த வருஷமும் சுட்டார்கள். 2018-இல் அந்த இனம் அழிவின் ஆபத்தில் இருப்பதாக உலகப் பட்டியலில் ஏறியது. மரத்துக்கு வலை போட்டால் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. வலை போதும்தான், பொறாமைக்குத்தான் வலை கிடையாது. நாம் வெயிலில் நின்று, நூறு பழம் என்ன விலை என்று கேட்டு, மயக்கம் போட்டு, பாதி விலைக்குப் பேரம் பேசி, கடைசியில் ஐம்பது வாங்கி வருகிறோம். வௌவாலோ நடுராத்திரியில் வந்து, தலைகீழாகத் தொங்கியபடி, நல்ல பழமாகப் பார்த்துத் தின்றுவிட்டுக் கொட்டையை நம் வாசலிலேயே துப்பிவிட்டுப் போகிறது. யாருக்குப் பொறுக்கும்?

சரி, இடம். இந்தப் பக்கத்தை நெடுநாளாகப் படிப்பவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள், ஆசிரியர் ரூபாய் நோட்டுக்குப் போகப்போகிறார் என்று. போகத்தான் போகிறேன். நம் மொரிஷியஸ் நோட்டில் இங்கிலீஷுக்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தி என்று இருந்த வரிசை 1998-இல் வந்த புது நோட்டில் தலைகீழானது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். நமக்குரிய இடம் கிடைத்தது, சந்தோஷம். இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தத் தமிழை நோட்டிலிருந்து வாசித்துக் காட்டுவார்கள்? நீங்கள் இந்தக் கேள்வியைத் தமிழிலேயே எழுதி அனுப்பியதற்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

கிறிஸ்து பிறப்பிலும் இடம்தான் விவகாரம். பைபிளில் லூக்கா அந்தப் பிறப்புக் கதையை ஒரு அரசாங்க உத்தரவில் தொடங்குகிறார். குடிமதிப்பு, அதாவது மக்கள்தொகைக் கணக்கு, எழுத வேண்டும், அவரவர் தங்கள் ஊருக்குப் போங்கள் என்று ரோமப் பேரரசன் அகுஸ்துராயன் கட்டளை. நிறைமாதக் கர்ப்பிணியோடு நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நடக்கிறார் ஒரு தச்சர். சத்திரத்தில் இடமில்லை. குழந்தையை மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்துகிறார்கள். கடவுள் மனிதனாக வந்தார் என்கிறார்கள் கிறிஸ்தவர்கள். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் பதிவேட்டில் பெயர் கொடுக்க வந்த ஏழை வீட்டில் வந்து பிறந்தார் என்பதை நம்மைவிட யாரால் புரிந்துகொள்ள முடியும்? கூலிகள் வந்து இறங்கிய போர்ட் லூயிஸ் ஆப்பிரவாசி காட் துறையின் 16 படிகளில் ஏறிய நம் பாட்டன் பூட்டன்களுக்கும் ஒரு எண்ணும் ஒரு சீட்டும்தானே கொடுத்தார்கள்?

குடிமதிப்பு என்றதும் இன்னொரு பழைய புண். நம் அரசியல் சட்டத்தில் சமூகங்கள் நான்கு. இந்து, முஸ்லிம், சீனர், மற்றவர்கள் எல்லாம் ‘பொது மக்கள்’ என்ற நான்காவது கட்டம். தமிழ் இந்து முதல் கட்டத்தில். பிரெஞ்சு கவர்னர் லா பூர்தொனே காலத்தில் பாண்டிச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்களோ, பிறகு வந்த கூலிகளோ, ஞானஸ்நானம் பெற்றுவிட்டால் அவர்கள் பேரப்பிள்ளைகள் கடைசிக் கட்டத்தில். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். இதற்கு இன்றைக்கும் 1972-ஆம் வருஷத்துக் குடிமதிப்புக் கணக்கைத்தான் புரட்டுகிறார்கள். அகுஸ்துராயன்கூட அவ்வப்போது புதிதாக எண்ணியிருப்பான்.

போனஸையும் கேக்கையும் நான் குறை சொல்லமாட்டேன். 25-ஆம் தேதிக்கு ஐந்து வேலைநாள் முன்பே முக்கால் பங்கு போனஸ் கையில் வர வேண்டும் என்பது சட்டம். வருஷம் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்தவள் அந்தக் காசில் பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கினால் எந்த வேதம் கோபித்துக்கொள்ளும்? பிறந்த சேதி முதலில் போனதும் ராத்திரி ஷிஃப்டில் இருந்த மேய்ப்பர்களுக்குத்தான். குழந்தையைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மட்டும் பெரிய இடத்தில் விலாசம் கேட்கப் போனார்கள், ஏரோது ராஜாவுக்கு விஷயம் தெரிந்தது, ஊர்க் குழந்தைகள் செத்தன.

எனக்கு உறுத்துவது வேறு. இன்று எண்ணும் சீட்டுமாக வந்து இறங்குகிறவர்கள் பங்களாதேஷ், நேபாளம், மடகாஸ்கர்க்காரர்கள். அவர்களில் நாலு பேர் வந்து உங்கள் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால் நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். இடம் உண்டா என்ற கேள்விக்கு அங்கேதான் பதில்.

மரமா? வையுங்கள். எத்தனையோ தமிழ் வீடுகளில் பூஜையறைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, முருகன் கோபித்துக்கொண்டதாகச் செய்தி இல்லை. அந்தக் காலத்தில் ஃபிலாவோ என்ற சவுக்குக் கிளையைத்தான் நட்டார்கள், அதுவே அழகாக இருந்தது. பஞ்சை மட்டும் ஒட்டாதீர்கள். ஜனவரியில் புயல் எச்சரிக்கை வரும்போது அதைப் பொறுக்கிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இருக்காது.