இரண்டு லயங்களில் ஏழு பேருக்குப் புற்றுநோய்: மருந்து ஸ்டோர்தான் காரணமா?

கேள்வி: பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம், டாக்டர். பழைய பூச்சிமருந்து ஸ்டோரை ஒட்டிய இரண்டு லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஐந்து வருடத்தில் ஏழு பேருக்குப் புற்றுநோய். மூவருக்கு மார்பகம், இருவருக்கு ரத்தம், ஒருவருக்கு நுரையீரல், ஒருவருக்குக் குடல். ஸ்டோர்தான் காரணமா?

பதில்: ஏழு பேரையும் ஒரே கணக்கில் போடாதீர்கள், அம்மா. இவை வேறு வேறு நோய்கள். ஒரே நஞ்சு இத்தனையையும் கிளப்பிவிடுவது அபூர்வம். அதோடு, வாலிபர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, லயத்தில் மிஞ்சுவது வயதானவர்கள். வயது ஏற ஏறப் புற்றுநோயும் ஏறும். எனக்கு உறுத்துவது அந்த இரண்டு ரத்தப் புற்றுநோய்தான். என்ன வகை, எத்தனை வயது என்று கேட்டு வையுங்கள்.

மாநிலத்தின் வயதுவாரிப் புற்றுநோய் விகிதத்தை உங்கள் ஊர் ஜனத்தொகையோடு பெருக்கினால், எத்தனை பேருக்கு வரலாம் என்று தெரியும். அது 2, வந்தது 5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை மடங்கு! ஆனால் அபூர்வமாக நடப்பவை தற்செயலாக எத்தனை முறை வரலாம் என்று சொல்லும் பாய்சான் கணக்குப்படி, 2 வர வேண்டிய இடத்தில் 5 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வர நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு உண்டு. இதே அளவில் நூறு தோட்டங்களைப் பார்த்தால், ஏறக்குறைய ஐந்தில் எந்த நஞ்சும் இல்லாமலே இப்படித் தெரியும். எனக்குக் கடிதம் வருவதும் அந்த ஐந்திலிருந்துதான்.

பெரிய சிக்கல் எல்லைக் கோட்டில். நோய் வந்த வீடுகளைப் பார்த்துவிட்டு அவற்றைச் சுற்றி வட்டம் போட்டால் எந்த ஊரிலும் நோய்க் கொத்து கிடைக்கும். "இரண்டு லயங்கள்" என்று நீங்கள் எழுதியதும் அப்படித்தான். ஸ்டோரிலிருந்து 500 மீட்டர், 1 கிலோமீட்டர், 2 கிலோமீட்டர் என்று முதலிலேயே வளையம் போட்டு, நோய் வராதவர்களையும் எண்ண வேண்டும். தள்ளிப் போகப் போக விகிதம் இறங்குகிறதா என்று பார்க்க 1988-ல் வந்த ஸ்டோன் சோதனை என்ற புள்ளியியல் முறை இருக்கிறது.

ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: நோய் கண்ட தேதி, வயது, பயாப்சி அறிக்கையில் உள்ள வகை, அந்த வீட்டில் எந்த வருடத்திலிருந்து இருந்தார், மருந்து அடித்தாரா, புகைத்தாரா. ஐசி (அடையாள அட்டை) முகவரியை நம்ப வேண்டாம். கிள்ளானில் மகன் வீட்டிலிருந்து சிகிச்சை எடுத்தவர் புற்றுநோய்ப் பதிவேட்டில் கிள்ளான்காரராகிவிடலாம். குடிவந்த மறுவருடமே மார்பகக் கட்டி கண்டவரை ஸ்டோர் கணக்கில் சேர்க்க முடியாது. அப்படிப்பட்ட கட்டி வளரப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் பிடிக்கும். ரத்தப் புற்றுநோய் அதைவிடச் சீக்கிரம் வரலாம்.

ஸ்டோரில் என்னென்ன மருந்து இருந்தது என்ற பட்டியலையும் சேர்த்து மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொடுங்கள். பக்கத்தில் கிணறு இருந்தால், தண்ணீரைச் சோதிக்கும்வரை குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். கொதிக்க வைத்தாலும் பூச்சிமருந்து போகும் என்று நம்ப முடியாது.