வீல் மார்க்கிங் கேஜ்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பிடிப்பது?

ஊசி வைத்த கேஜ் (பலகை விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவி) குறுக்கு ரேகையில், அதாவது நாருக்குக் குறுக்கே கீறும்போது, மரத்தைப் பிய்க்கிறது, வீல் கேஜுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாறலாம். ஊசி நாரைக் கிழிக்கும். வீல், அதாவது தண்டின் முனையில் இருக்கும் கூரிய வட்டத் தட்டு, சின்னக் கத்தி மாதிரி வெட்டும்.

வாங்கும்போது முதலில் வீலைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சாய்வு இருக்க வேண்டும், அது தலையை (தண்டில் நகர்ந்து, பலகை விளிம்பில் ஒட்டி நிற்கும் பகுதியை) நோக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் இழுக்க இழுக்கத் தலை மரத்தோடு ஒட்டி நிற்கும். பலகையின் முனையிலிருந்து குறிக்கும்போது கோட்டின் செங்குத்துச் சுவரும் வேண்டிய மரத்தின் பக்கமே விழும். உளியின் முனை அதில் சரியாக உட்காரும். அப்புறம், தலையைப் பூட்டும் திருகை இறுக்கும்போது தலை நகரக் கூடாது. தலையைத் துளித்துளியாக நகர்த்தும் நுண்சரிசெய்யும் திருகு வசதிதான், ஆனால் அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை.

வீல் உருளக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீலைப் பிடித்திருக்கும் முனைத் திருகு தளர்ந்தால் அது சுழலும், கோடு வெட்டாமல் நசுங்கும். வேலைக்கு முன் இறுக்கிவிடுங்கள்.

தலையைப் பலகை விளிம்போடு அழுத்துங்கள். கீழ்நோக்கி அழுத்தம் வேண்டாம். முதல் இழுப்பு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் போதும், அடுத்த இழுப்பில் ஆழமாக்கலாம். எடுத்த எடுப்பிலேயே அழுத்தினால், ரேகையோடு குறிக்கும்போது வீல் நாரின் பின்னால் ஓடிவிடும். கோடு தெரியவில்லையா? கூரிய பென்சிலை அதற்குள் ஓட்டுங்கள்.

மழுங்கினால் வீலைக் கொஞ்சம் திருப்பிப் புது விளிம்பைக் கீழே கொண்டுவாருங்கள். சுற்றிலும் தேய்ந்த பிறகு கழற்றி, தட்டையான பக்கத்தை மட்டும் நுண்மையான சாணைக்கல்லில் தேய்த்தால் போதும்.