ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறப்பது?

கேள்வி: காரைக்குடி வீட்டில் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, டாக்கரில் (செயலிகளைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) படங்களுக்கு இம்மிச்சும் வீடியோவுக்கு ஜெல்லிஃபினும் ஓட்டுகிறேன். அப்பச்சியின் சாந்தி கல்யாண (அறுபதாம் கல்யாண) படங்களைச் சிங்கப்பூர் உறவினர்கள் பார்க்க வேண்டும். ரூட்டரில் அவற்றின் போர்ட்டுகளான (சேவைகளின் வாசல் எண்கள்) 2283, 8096 இரண்டையும் திறந்துவிடலாமா? ரிவர்ஸ் ப்ராக்ஸி வேண்டும் என்கிறார்களே?

பதில்: அந்த இரண்டையும் திறக்க வேண்டாம். திறந்தால் உறவினர்கள் அடிக்கும் பாஸ்வேர்டு பூட்டில்லாமல் (குறியாக்கம் இல்லாமல்) இணையத்தில் பயணிக்கும்.

உங்கள் ஊர் வீட்டையே நினைத்துப் பாருங்கள். வளவைச் (உள்முற்றத்தை) சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான குடும்பத்துக்கும்) ஓர் அறை; விருந்தாளி வருவது மட்டும் முகப்பு வழியாக. ரிவர்ஸ் ப்ராக்ஸிதான் அந்த முகப்பு. வருபவர் எந்த டொமைன் பெயரைக் கேட்கிறார் என்று பார்த்து உரிய சேவைக்கு அனுப்பும். வெளியே இணையதளங்களுக்கான 80, 443 போர்ட்டுகளை ப்ராக்ஸிக்குத் திறந்தால் போதும்.

அதற்கு முன் ரூட்டர் காட்டும் வெளி ஐபியும் (இணைய முகவரி எண்), இணையத்தில் தேடினால் தெரியும் உங்கள் ஐபியும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால், குறிப்பாக ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், பெரும்பாலும் இணைப்பு தருபவர் ஒரே ஐபியைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறார். அப்போது எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. இணைப்பு தருபவரிடம் தனி ஐபி கேளுங்கள். பார்க்கப்போவது நாலைந்து பேர்தான் என்றால் டெயில்ஸ்கேல் (போர்ட் திறக்காமலே சாதனங்களைத் தனி வலையில் இணைக்கும் செயலி) போதும். நான் அதையே சொல்வேன்.

சரி, ஐபி ஒன்றுதான் என்றால் எஞ்சின்எக்ஸ் ப்ராக்ஸி மேனேஜர் என்ற ரிவர்ஸ் ப்ராக்ஸி மென்பொருளில் தொடங்குங்கள். பிரவுசரிலேயே எல்லாம் அமைக்கலாம். டொமைன் ஒன்று வாங்கி, ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சப்டொமைனை உங்கள் ஐபிக்குக் காட்டுங்கள். இணைப்பைப் பூட்ட உதவும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசம். 90 நாள் ஆயுள், தானே புதுப்பித்துக்கொள்ளும்.

புதியவர்கள் பெரும்பாலும் சிக்குவது 502 பிழையில் (ப்ராக்ஸியால் சேவையை எட்ட முடியவில்லை என்று பொருள்). அனுப்ப வேண்டிய முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டிருப்பார்கள். ப்ராக்ஸியும் ஒரு கன்டெய்னர்தானே? அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது தன்னையே குறிக்கும். ப்ராக்ஸி, இம்மிச், ஜெல்லிஃபின் மூன்றையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் சேர்த்து, முகவரியாகக் கன்டெய்னரின் பெயரைக் கொடுங்கள். இம்மிச்சுக்கு 2283, ஜெல்லிஃபினுக்கு 8096. வெப்சாக்கெட் (தொடர்ந்து திறந்திருக்கும் இருவழி இணைப்பு) ஆதரவையும் இயக்கிவிடுங்கள். பெரிய வீடியோ ஏறாமல் 413 பிழை வந்தால் ப்ராக்ஸியில் கோப்பு அளவு வரம்பைக் கூட்ட வேண்டும்.

அப்புறம், ப்ராக்ஸி மேனேஜரின் நிர்வாகப் பக்கம் 81-ஆம் போர்ட்டில் இருக்கும். அதை ரூட்டரில் ஒருபோதும் திறக்காதீர்கள். எல்லாம் முடிந்ததும் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வீட்டு வைஃபையில் சோதித்தால் சில ரூட்டர்கள் தவறான முடிவைக் காட்டும்.