கடுக்காய்க் கறையும் மோரியார்ட்டியும்

கேள்வி: செர்லாக் ஹோம்ஸ் போன்ற பழைய துப்பறியும் கதைகளை வில்லன்களின் பக்கம் நின்று திருப்பி எழுதுகிறார்களே, இது குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குவது ஆகாதா?

பதில்:

கேள்வியில் இருக்கும் எரிச்சலைப் பார்த்தால், நீங்கள் சிறு வயதிலிருந்து ஹோம்ஸைக் கும்பிட்டு வளர்ந்தவர் என்று தோன்றுகிறது. ஹோம்ஸின் பரம எதிரியான மோரியார்ட்டியை வைத்து எழுதிய ஒரு நாவலை யாரோ கையில் கொடுத்திருப்பார்கள், உங்களுக்குப் பொறுக்கவில்லை. நானும் கும்பிட்டவன்தான். எட்டாம் வகுப்பு வரை.

1986. பேரணாம்பட்டில் என் அப்பா ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்தார். தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு கொண்டுபோகும் நான் கூடமாட நின்று அந்தத் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றுவேன். துருப்பிடித்த இரும்பு வாளி. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை பிடிக்கும், சோப்புக்கு அசையாது. அம்மா எலுமிச்சம்பழ மூடியை வைத்துத் தேய்த்துவிடுவார். பாதி போகும்.

அப்படி ஒரு ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை வகுப்பில் சுற்றுலாப் பணம் இருந்த பிஸ்கட் டப்பாவைக் காணவில்லை. டப்பா இருந்த மேசை இழுப்பறைக்குள் மைக்கூடு கவிழ்ந்து கிடந்தது. எங்கள் ஆங்கில ஆசிரியர் ஹோம்ஸ் பைத்தியம். கதைகளை நடித்தே காட்டுவார். நாற்பது பேரின் கைகளையும் நீட்டச் சொன்னார். என்னிடம் வந்ததும் நின்றார். விரலை முகர்ந்தார். "கறை மட்டும் இல்லை, எலுமிச்சம்பழ வாசனையும் வருகிறது. தடயத்தை அழிக்கப் பார்த்திருக்கிறாய்" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துத்தான் நம் முன்னோர் எழுதும் மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. ஆகவே என் கையில் இருந்ததும் ஒரு வகையில் மைதான். அவருடைய தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. டேனரிக்குள் அவர் கால் வைத்ததில்லை, அவ்வளவுதான்.

மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நின்றேன். புதன்கிழமை, விடுப்பில் போயிருந்த தலைமையாசிரியர் திரும்பி வந்தார். பாதுகாப்புக்காக டப்பாவை எடுத்து அலுவலக அலமாரியில் பூட்டியவர் அவரேதான். மையைக் கொட்டியவரும் அவர்தான். "சரி, போய் உட்கார்" என்றார் ஆங்கில ஆசிரியர்.

உடனே "ஒரு பள்ளிக்கூடத் திருட்டையும் மோரியார்ட்டியையும் ஒன்றாக்குகிறாயா?" என்று யாராவது வருவார்கள். ஆக்கவில்லை. மோரியார்ட்டி யோக்கியன் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் 1893இல் வந்த அந்த 'இறுதிப் பிரச்சினை' கதையை மறுபடி எடுத்துப் பாருங்கள். கதையைச் சொல்லும் ஹோம்ஸின் நண்பர் வாட்சன் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தூரத்தில் ஓர் உருவத்தைப் பார்த்ததோடு சரி. அவன் செய்த குற்றங்கள் அத்தனையும் ஹோம்ஸ் சொல்லித்தான் நமக்குத் தெரியும். இவ்வளவு பெரிய இடைவெளியை விட்டுவைத்தால் பின்னால் வருகிற எழுத்தாளன் சும்மா இருப்பானா? 1974இலேயே ஜான் கார்ட்னர் மோரியார்ட்டியை நாயகனாக்கி எழுதிவிட்டார். 2011இல் கிம் நியூமன், மோரியார்ட்டியின் வலக்கையான கர்னல் மோரனையே கதை சொல்ல வைத்தார்.

ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலே குற்றவாளியின் பக்கத்தைச் சொன்னவர்தான். 1887இல் வந்த முதல் நாவலில் கொலைகாரனின் பழங்கதைக்கு அரைப் புத்தகத்தை ஒதுக்கினார். அடுத்த நாவலான 'நால்வர் குறி'யில் குற்றவாளி ஜோனதன் ஸ்மாலை உட்காரவைத்து ஆக்ரா புதையல் கதை முழுவதையும் சொல்லவிட்டார். ஸ்மால் வெள்ளைக்காரன், சொன்னான். அவனோடு வந்த அந்தமான்காரன் டோங்கா சுடப்பட்டுத் தேம்ஸ் நதியில் விழுந்தான், அவனுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. 'புள்ளிப் பட்டை' கதையில் டாக்டர் ராய்லாட் கல்கத்தாவில் தன் வேலைக்காரனை அடித்தே கொன்றவன். செத்தவனின் பெயர்கூடக் கதையில் கிடையாது. (அதே கதையில் பாம்பு பால் குடித்துவிட்டு விசில் சத்தம் கேட்டுக் கயிறு ஏறிப் போகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளே சிரிப்பார்கள்.) டோங்காவின் பக்கமிருந்து ஒரு நாவல் வந்தால் கடன் வாங்கியாவது வாங்குவேன்.

தமிழில் துப்பறியும் கதைக்கு ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நூறு வருடத்துக்கு முன்பே ஆங்கிலத் துப்பறியும் கதைகளைத் தமிழுக்குத் தழுவிக் கொண்டுவந்த ஆரணி குப்புசாமி முதலியார் எங்கள் வடாற்காட்டுக்காரர். இதைச் சொன்னால், "ஆரணி திருவண்ணாமலை மாவட்டம் ஆயிற்றே" என்று திருத்த வருகிறார்கள். 1989இல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தால் அதற்கு முன்பு செத்தவரும் மாவட்டம் மாறிவிடுவாரா? 2019இல் வேலூர் மாவட்டத்தை மறுபடி வெட்டி, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. ஆம்பூரில் இருக்கும் என் அக்கா வீட்டை மாற்றவே இல்லை, முகவரியை மட்டும் எத்தனை முறை மாற்றி எழுதுவது?

அந்த ஆசிரியர் ஓய்வு பெற்று இப்போது காட்பாடிப் பக்கம் இருக்கிறார். சந்தையில் எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்பார். நானும் மரியாதையாகத்தான் பேசுவேன். கைகள் மட்டும் தாமாகப் பின்னால் போய்விடுகின்றன.