முல்லர் என்ற ஜெர்மன் குடும்பப் பெயருக்கு என்ன பொருள்? ஆங்கிலத்தில் அதை ஏன் மில்லர், மியூலர் என்றெல்லாம் எழுதுகிறார்கள்?

மாவரைக்கும் ஆலையை நடத்துபவர் என்று பொருள். ஜெர்மனியில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் இதுதான். இதை அடுத்து வரும் ஷ்மிட் (கொல்லர்), ஷ்னைடர் (தையற்காரர்), ஃபிஷர் (மீனவர்) எல்லாமே தொழிலை வைத்து வந்த பெயர்கள்.

இத்தனை முல்லர்கள் எப்படி வந்தார்கள்? ஊரில் பாதிப்பேர் உழவர்கள். ‘உழவர் வீடு எது’ என்று கேட்டால் யாராலும் காட்ட முடியாது. ஆலையோ ஊருக்கு ஒன்றுதான், அதனால் ஆலைக்காரர் என்றால் உடனே ஆள் தெரிந்துவிடும். பிரபுவின் ஆலையில்தான் தானியம் அரைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இடைக்காலத்தில் பல இடங்களில் இருந்தது. கூலிக்குப் பதில் மாவில் ஒரு பங்கை ஆலைக்காரர் எடுத்துக்கொள்வார். அளக்கும் கை அவருடையது என்பதால் ஊருக்கு அவர்மேல் எப்போதும் ஒரு சந்தேகம். சில ஊர்களில் ஆலைக்காரர் பிள்ளைகளைக் கைவினைச் சங்கங்களில் சேர்க்கவே மறுத்திருக்கிறார்கள். ஊரார் வாய்க்கு வந்ததைப் பேசிய அந்தத் தொழில்தான் இன்று நாட்டின் முதல் பெயர்!

இனி ஆங்கிலம். சிக்கல் எல்லாம் ஜெர்மனில் இந்தப் பெயரை எழுதும்போது (Müller) ‘யு’ எழுத்தின் தலையில் இருக்கும் இரண்டு புள்ளிகளால்தான். உதட்டை ‘உ’ சொல்லக் குவித்துக்கொண்டு ‘இ’ சொல்லிப் பாருங்கள், அந்த ஒலி வரும். ஆங்கிலத்திலும் தமிழிலும் அது கிடையாது. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர் பலர் மில்லர் என்று மாற்றிக்கொண்டார்கள். ஒலியும் கிட்டத்தட்ட அதுதான், பொருளும் அதுவே. மில்லர் பீரின் நிறுவனர் ஜெர்மனியில் முல்லராகப் பிறந்தவர்தான். 1855-ல் மில்வாக்கியில் மதுவடிப்பாலை தொடங்கினார். 2010 அமெரிக்கக் கணக்கெடுப்பில் குடும்பப் பெயர்களில் மில்லர் 7-வது இடத்தில் இருந்ததற்கு இப்படி மாறியவர்களும் ஒரு காரணம்.

மாற்றாதவர்கள் புள்ளிகளை எடுத்துவிட்டு, ‘யு’வுக்குப் பின்னால் ஆங்கில எழுத்து ‘இ’ (e) ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள் (Mueller). இது ஜெர்மானியர்களே ஒப்புக்கொண்ட வழக்கம். சிலர் ‘இ’ சேர்க்காமல், புள்ளிகளை மட்டும் எடுத்துவிட்டு எழுதினார்கள் (Muller). உச்சரிப்பு அவரவர் வீட்டு வழக்கம்: ஒருவர் மியூலர் என்பார், எஃப்.பி.ஐ. இயக்குநராக இருந்த ராபர்ட்டின் பெயரையோ ‘மல்லர்’ என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெர்மன் ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. அடிக்கடி வரும் பதற்றம் ஒன்று உண்டு: ‘பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் வேறு மாதிரி இருக்கிறதே!’ பயப்பட வேண்டாம். ஜெர்மன் பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் புள்ளி வராது, ‘யு, இ’ என்றே அச்சாகியிருக்கும். டிக்கெட்டிலும் அப்படியே போடுங்கள். ஆனால் பொருள் ஒன்றுதானே என்று மில்லர் என மொழிபெயர்த்துவிடாதீர்கள். குடியேறிய குடும்பம் தானாக மாற்றிக்கொள்ளலாம், நாம் மாற்றக் கூடாது. கால்பந்து வீரர் தாமஸ் முல்லர் எந்த நாட்டில் ஆடினாலும் முல்லர்தான்.

அறிவியல் ஆங்கிலத்தில் இந்தப் பெயர் இன்னும் வேடிக்கையாகத் திரிகிறது. கருப்பை உருவாகும் கருநிலைக் குழாய்க்கு உடலியலாளர் யோஹான்னஸ் முல்லரின் பெயர். சுவை கெட்ட இரண்டு வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஒன்றுபோல் தோன்றிப் பறவைகளிடமிருந்து தப்புவதற்கு, பிரேசிலில் வாழ்ந்த ஃப்ரிட்ஸ் முல்லரின் பெயர். இருவரும் வேறு வேறு ஆட்கள். அடைமொழி மட்டும் ‘முல்லேரியன்’ என்று ஒன்றே. எனக்குப் பிடித்தது கதிர்வீச்சை அளக்கும் கைகர்–முல்லர் கருவி, 1928-ல் வந்தது. கைகர் என்றால் வயலின் வாசிப்பவர். ஆக அணு உலையில் காவல் நிற்பது ஒரு வயலின்காரரும் ஒரு மாவு மில்காரரும்!

சென்னைவாசிகளுக்கு இந்தப் பெயர் ஜெர்மன் கலாசார மையமான மாக்ஸ் முல்லர் பவன் வழியாகப் பழக்கம். ஜெர்மனியின் டெசாவில் 1823-ல் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரான அந்தச் சமஸ்கிருத அறிஞர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வெறும் முல்லர் என்றால் கூட்டத்தில் காணாமல் போய்விடுவோம் என்று, ‘மாக்ஸ்’ என்ற தன் முதற்பெயரையும் பிற்காலத்தில் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய அப்பா வில்ஹெல்ம் முல்லர் கவிஞர். ஆலைக்காரரின் மகள்மேல் காதல்கொண்ட ஓர் இளைஞனைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளுக்குத்தான் ஷூபெர்ட் இசையமைத்தார்.

ஆங்கில நூலகப் பட்டியலில் மாக்ஸ் முல்லரைத் தேடுகிறீர்கள் என்றால் ‘எம்’ வரிசையில் மாக்ஸ், முல்லர் இரண்டிலும் பாருங்கள். ‘யு’, ‘யு, இ’ என இரு எழுத்துமுறையிலும் தேடுங்கள்.