சாட்ஸ்வொர்த் வீடும் இணையம் காட்டும் விலையும்

தம்பி, டர்பனுக்கு வந்து எட்டே மாதத்தில் வீடு வாங்கத் துணிந்துவிட்டீர்கள், ரொம்ப சந்தோஷம். உங்கள் கேள்வியைப் படித்தேன். சாட்ஸ்வொர்த்தில் பார்த்த வீட்டுக்கு உரிமையாளர் 16 லட்சம் ராண்ட் கேட்கிறார், இணையத்தில் முகவரியைப் போட்டால் 11.8 லட்சம்தான் காட்டுகிறது, ஊருக்குப் புதியவன் என்று ஏமாற்றுகிறாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து அவரைச் சந்தேகப்படாதீர்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் வீடு கைமாறினால், விலையோடு டீட்ஸ் ஆபீஸ் என்ற பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவாகிறது. நம் மாகாணத்துக்கு அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. கம்ப்யூட்டர் முக்கியமாக அந்தப் பதிவுகளை எடுத்து, அக்கம்பக்கத்தில் விற்ற விலை, மனையின் அளவு, விற்ற தேதி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. வீட்டுக்குள் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அதோடு, விலை பேசி முடித்து, வங்கி ஒப்புதல், மாநகராட்சிச் சான்று எல்லாம் வாங்கிப் பதிவாக இரண்டு மூன்று மாதமாவது ஆகிவிடும். ஆகவே கணக்கில் இருப்பது எப்போதும் கொஞ்சம் பழைய சந்தை.

அடுக்குமாடி ஃபிளாட் என்றால் இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும். ஃபிளாட்டின் பதிவில் தளத்தின் பரப்பளவே இருக்கும், அதே கட்டடத்தில் அதே மாதிரி ஃபிளாட்கள் அடிக்கடி விற்கும். டர்பனுக்கு வடக்கே கடற்கரை அம்ஷ்லாங்காவில் ஃபிளாட் பார்த்திருந்தால் அந்த எண்ணை நானும் நம்பியிருப்பேன். தனி வீட்டின் பத்திரத்திலோ மனையின் அளவுதான் இருக்கும், மேலே நிற்கும் கட்டடத்தைப் பற்றி எதுவும் இருக்காது.

சாட்ஸ்வொர்த்தில் இதுதான் பெரிய சிக்கல். இனத்துக்கு இனம் குடியிருப்பைப் பிரித்த 1950-இன் குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, கேட்டோ மேனர் போன்ற டர்பன் பகுதிகளிலிருந்து இந்திய வம்சாவளி நம்மவர்களைக் கிளப்பி, 1960-களில் இங்கே கொண்டுவந்து குடிவைத்தார்கள். மாநகராட்சி வரிசை வரிசையாக ஒரே மாதிரி சின்ன வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. அப்புறம் ஒவ்வொரு குடும்பமும் மகன் கல்யாணத்துக்கு ஓர் அறை, பேரன் பிறந்ததும் ஒரு மாடி, பின்னால் வாடகைக்கு அவுட்பில்டிங் என்ற தனிக் கட்டடம் என்று மூன்று தலைமுறையாகக் கட்டிக்கொண்டே வந்தார்கள். இன்று பக்கத்துப் பக்கத்து வீடுகளில் மனை ஒன்றுதான், ஒன்று பழைய சின்ன வீடு, மற்றது ஆறு படுக்கையறை மாடிவீடு. போதாததற்கு, அப்பா மகனுக்கு மலிவாக எழுதிக்கொடுத்த விலையும் பதிவில் உண்டு. அதைச் சரியாகக் கழிக்காத கணக்கு விலையைக் கீழே இழுத்துவிடும்.

தகவல் கொட்டிக் கிடக்கும் அமெரிக்காவிலேயே நிலைமை இதுதான். அங்கே ஜில்லோ நிறுவனம் 2006 முதல் இப்படி மதிப்பு சொல்லி வருகிறது. விற்பனைக்கு வராத வீடுகளில், மதிப்புக்கும் பிறகு விற்ற விலைக்கும் உள்ள பிழையின் நடுமதிப்பு ஏறக்குறைய 7 சதவீதம் என்று அவர்களே சொல்கிறார்கள். அதாவது பாதி வீடுகளில் பிழை அதைவிட அதிகம். விற்பனைக்கு வந்த வீடுகளில் அது 2 சதவீதத்தை ஒட்டி வந்துவிடுகிறது, ஏனென்றால் உரிமையாளர் கேட்கும் விலையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 2016-இல் அந்த நிறுவனத் தலைவரின் சியாட்டில் வீடே அவர்கள் மதிப்பைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவாகத்தான் விற்றது. கணக்கை நம்பி வீடுகளை வாங்கி விற்கும் தொழிலிலும் இறங்கிப் பெரும் நஷ்டப்பட்டு, 2021 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்தார்கள்.

எனக்கு நடந்தது உங்கள் கதைக்கு நேர்மாறு. 2016-இல் ரிசர்வாயர் ஹில்ஸில் வீடு வாங்கினேன். இணைய மதிப்பைவிட ஒன்றரை லட்சம் குறைத்துத் தந்தார்கள், லாபம் என்று நினைத்தேன். அந்த மதிப்பு தெருவின் மேற்பக்கத்துச் சமதள மனைகளை வைத்து வந்தது. என் மனை சரிவில் இருந்தது, மண்ணைத் தாங்கும் சுவரில் விரிசலும் இருந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்தச் சுவர் மொத்தமாகச் சரிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த வாரம் டர்பனில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுவர் காப்பீட்டில் சேராததால் செலவு முழுக்க என் தலையில். பத்து நாள் கழித்து அதே தளத்தில் பார்த்தேன், வீட்டின் மதிப்பு ஒரு ராண்ட்கூட இறங்கவில்லை.

அதனால் உங்கள் வீட்டில் அந்த 4.2 லட்சம் வித்தியாசம் எதற்கு என்று தேடுங்கள். மேல்மாடிக்கும் அவுட்பில்டிங்குக்கும் மாநகராட்சி ஒப்புதல் பெற்ற பிளான் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 1977-இன் கட்டடச் சட்டப்படி அது இல்லாமல் கட்டுவது குற்றம், வங்கியும் பாண்ட், அதாவது வீட்டுக்கடன், தரத் தயங்கலாம். ஒப்பந்தத்தில் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்று ஒரு வார்த்தை இருக்கும், உள்ளது உள்ளபடி வாங்குகிறேன் என்று அர்த்தம். ஒப்புதல் இல்லாத கட்டடமும் அதற்குள் அடங்கும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. விற்றவர் தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும், அது லேசுப்பட்ட வேலை இல்லை. பிளான் இருந்தால் 16 லட்சம் நியாயமாகவே இருக்கலாம். இல்லாவிட்டால் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள்.

அதே தெருவில் கடந்த ஓராண்டில் பதிவான விலைகளை டீட்ஸ் ஆபீஸ் பதிவுகளிலிருந்து கொஞ்சம் கட்டணம் கட்டி எடுக்கலாம். எடுத்த பிறகு அந்த வீடுகளை வெளியில் நின்றாவது ஒருமுறை பாருங்கள். பாண்ட் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வங்கி தன் கணக்கில் குறைவாக மதிப்பிட்டால் உங்களைக் காப்பாற்றுவது அந்த வரிதான்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை, வீட்டைப் பார்க்க நானும் வருகிறேன். முதல் நாள் ராத்திரி மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது, பின்பக்கச் சுவரில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.